தூரத்துச் சபையா, பக்கத்துச் சபையா: நட்புக்குக் கை நீட்டும் முன்

"எங்க போதகர் ஐயாவுக்கு மாற்றம் வந்திருக்கு. போறதுக்கு முன்னால லண்டன்ல ஒரு சபையோட நம்மளச் சேர்த்துவிடுறேன்னு சொல்றார். சரின்னு சொல்லலாமா?" போன மாதம் பண்டாரவளைப் பக்கத்துச் சபைச் செயலாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டது இது. அதற்கு முன் மஸ்கெலியாவிலிருந்து ஒரு மகளிர் மன்றத்து அக்கா கேட்டிருந்தார்: தமிழ்நாட்டு நீலகிரியில், கோத்தகிரியில் சொந்தக்காரர்கள் போகிற சபையோடு வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம், இதை முறையான தொடர்பாக்கலாமா என்று. இன்னொருவருக்கு இரண்டும் வேண்டாம், ஊரிலேயே இருக்கிற மெதடிஸ்த சபையோடு சேர்ந்து ஏதாவது செய்தால் போதாதா என்ற யோசனை.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எழுபது குடும்பங்கள்கூட இல்லாத ஓர் அங்கிலிக்கன் சபையில் பதினோரு வருடம் செயலாளராக இருந்தவன் நான். இப்படியான நட்பு எல்லாவற்றிலும் கால் வைத்துப் பார்த்திருக்கிறோம். ஒன்றில் வழுக்கியும் விழுந்திருக்கிறோம்.

எதை வைத்து அளப்பது

வெளிச்சபை என்று பேச்செடுத்ததுமே குழுவில் ஒருவர் "அவங்க என்ன தருவாங்க?" என்பார். கூரைத் தகரம் ஒழுகுகிற சபை அப்படித்தான் கேட்கும், அதில் குற்றமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தால் அதற்கு உதவி என்றே பெயர் வைத்துவிடுங்கள். நட்பு என்று நோட்டீஸ் அடிக்க வேண்டாம். நட்பென்றால் இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, கொடுக்க நம்மிடமும் ஏதாவது உண்டா என்பது. அவர்கள் ஜெபக் குறிப்பு கேட்டு எழுதுகிற அளவுக்குத் தங்கள் ஜெபக் குறிப்பையும் நமக்கு அனுப்புகிறார்களா என்று பாருங்கள். அதற்கு மேல் ஓர் அளவுகோல் தேவையில்லை.

இரண்டாவது, யார் வாயால் பேசப் போகிறோம். ஆங்கிலம் தெரிந்தவர் ஐயா ஒருவர்தான் என்றால் அது ஐயாவின் நட்பு. மூன்றாவது கேள்வி இதிலிருந்தே வருகிறது: அவர் மாறிப் போனால் என்ன ஆகும்? பண்டாரவளைக்காரருக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். போகிறவர் கட்டிவிட்டுப் போகும் பாலத்தில் நடக்க இருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்காவது, பணம் வந்தால் எந்தக் கணக்குக்கு வரும், யார் கையெழுத்து. தனியாள் வங்கிக் கணக்கு என்ற பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

ஐந்தாவதை வெளிநாட்டார் ஒருநாளும் கேட்கமாட்டார்கள், நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: அயலார் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நமக்குப் பக்கத்து வீடு பெரும்பாலும் இந்து வீடு. டவுனில் சிங்களக் கடைகள், பன்சல என்கிற பௌத்த விகாரை. 2004-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில் ஒரு பொதி உடுப்பு வந்து இறங்கினாலும் ஊர் ஒரு மாதிரிப் பார்த்தது. சட்டமூலம் நிறைவேறாமல் போனது. அந்தப் பார்வை முழுதாகப் போய்விடவில்லை.

மேல்நாட்டுச் சபை

இது ஒன்றும் புதிதில்லை. டிக்கோயாவில் 1878-இல் கட்டிய வார்லி கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக வெள்ளைக்காரத் துரைமார் பெயர்கள். தாத்தாவின் கல்லைத் தேடிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் முகவரி மாறி, அதிலிருந்து ஒரு தொடர்பு தொடங்குவதும் உண்டு. மறைமாவட்ட மட்டத்திலும் பழைய இணைப்பு இருக்கிறது: இங்கிலாந்தின் லீட்ஸ் மறைமாவட்டம் கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்களோடு தோழமை வைத்திருக்கிறது. உங்கள் சபை அங்கிலிக்கன் என்றால் தனியாக ஓடுமுன் பேராயர் அலுவலகத்தில் ஒரு தடவை விசாரியுங்கள். பாதி வேலை அங்கே ஏற்கெனவே நடந்திருக்கலாம்.

பலம் எது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, கூரையும் மதிலும் மறுபடி எழுப்புகிற அளவுக்குப் பணம் திரட்டக்கூடியவர்கள் இவர்கள்தான். பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கும் நல்லது. தூரத்தில் இருப்பவரிடம் ஒரு குறையை மனம்விட்டுச் சொல்லலாம்; மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் அது பேச்சாகிவிடாது.

இனி நாங்கள் வழுக்கிய கதை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். வந்தார்கள், ஒரு வாரம் தங்கினார்கள், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளோடு பாடினார்கள், படம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களுடைய சபைச் சஞ்சிகை பேஸ்புக்கில் வந்தது. அட்டையில் எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், வெறுங்காலோடு. கீழே, காலணி இல்லாத தேயிலைத் தோட்டச் சிறுவர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பிள்ளைகளின் சப்பாத்துகள் அப்போது கோயில் வாசற்படியில் இருந்தன. கோயிலுக்குள் யார் சப்பாத்தோடு போவார்? ஒரு பிள்ளையின் தாய் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சித்தப்பா, புதுச் சப்பாத்து வாங்கின பற்றுச்சீட்டு இன்னும் வீட்டுல கெடக்கு" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நத்தாருக்கு இரண்டு பெட்டி சப்பாத்து வந்தது. முக்கால்வாசி அளவு பெரிது.

அவர்களிடம் சொன்னோமா என்றால், இல்லை. கீபோர்ட் தந்தவர்கள், மனம் நோகும் என்று விட்டுவிட்டோம். இந்த வகை நட்பின் மறைந்த செலவு அதுதான்: தந்தவரிடம் "இது பிழை" என்று சொல்ல நாக்கு எழாது. மற்றச் செலவுகள் எழுதிக் கணக்குப் பார்க்கக்கூடியவை. விருந்தினர் வந்தால் வான் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் நம் கை கடிக்கும். அவர்கள் தர வந்தாலும் வாங்க மனம் வராது. சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்கிக்க ஏற்றுவதற்கு முன் விசா விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய ஞாயிறு காலை 10 மணி நமக்குக் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. சேர்ந்து ஆராதிக்க நல்ல நேரம்தான், ஆனால் எங்கள் ஊரில் பிற்பகல் மழையும் மின்வெட்டும் வருவதும் அந்த நேரத்தில்தான்.

படம் எடுப்பது பற்றி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: பெற்றோரிடம் கேட்காமல் எந்தப் பிள்ளையின் படமும் போகக்கூடாது, படத்தின் கீழ் வரும் வரியை நாங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்று. நல்லவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

புலம்பெயர் தமிழர் சபை

சுவிஸ், ஜேர்மனி, கனடா, லண்டன் எங்கும் தமிழ் ஆராதனை உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், பாட்டும் தெரிந்த பாட்டு. வேகமும் அதிகம்: இரவு குரல்பதிவு போட்டால் விடியும்போது பதில் இருக்கும். ஒருவருக்கு அவசர சத்திரசிகிச்சை, ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகச் செலவு போன்ற தேவைகளுக்கு இதைவிடக் கெட்டியான துணை இல்லை.

இரண்டே இரண்டு எச்சரிக்கைகள். அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் வடக்குக் கிழக்கு வேர் உள்ளவர்கள். மலையகம் என்றாலே பாவம், தோட்டம் என்ற பழைய பார்வை சிலரிடம் இன்னும் இருக்கிறது. தமிழில் வரும்போது அது இன்னும் சுருக்கென்று குத்தும். அடுத்தது, இந்தச் சபைகளில் பல ஒரே பாஸ்டரைச் சுற்றி நிற்பவை. அவருக்கும் அவர் சபைக்கும் மனஸ்தாபம் வந்தால் நம் தொடர்பும் இரண்டாகக் கிழியும்; எந்தப் பக்கம் நிற்பது என்று நம்மிடம் கேட்பார்கள். சபையோடு சபையாக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட தேவைக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

நீலகிரிச் சபை

1948-இல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினவர்களில் ஒரு பகுதியினர் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்காகவே 1968-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்று டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம். அங்கும் கொழுந்து, அங்கும் லயம், அங்கும் பனி.

ஆகவே நீலகிரியில் ஒரு சபையோடு பழகுவது வெளிநாட்டுத் தொடர்பு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. முதல் முறை இரண்டு பக்கமும் திரையில் சேர்ந்து ஜெபித்த நாளில் எங்கள் ஐயா தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொல்லி ஜெபித்தார். ஆமென் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா கமராவுக்கு மிகக் கிட்ட வந்து, நெற்றி மட்டும் தெரிய, "அஞ்சாம் நம்பர் லயத்துக்குக் கீழ ஒரு பீலி இருந்துச்சே, தண்ணி வருதா?" என்று கேட்டார். பீலி என்றால் லயத்தார் தண்ணீர் பிடிக்கிற குழாய். அங்கே பிறந்து பதினான்கு வயதில் கப்பல் ஏறினவராம். பீலி இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று சொன்னோம். அன்றைக்கு எழுதி வைத்திருந்த நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் இளைஞர் ஒருவர் பீலியடியில் நின்று தண்ணீர் விழும் சத்தத்தைப் பதிந்து அனுப்பினார். கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற முதல் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் அந்தப் பதிவு.

திருச்சபை ஒழுங்கிலும் ஒரு வசதி உண்டு. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அது இன்று அங்கிலிக்கன் தோழமையிலும் அங்கம், உலக மெதடிஸ்த மன்றத்திலும் அங்கம். நீலகிரி அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலத்துக்குள் வருகிறது (நாம் மறைமாவட்டம் என்பதை அவர்கள் திருமண்டலம் என்பார்கள்). நீங்கள் அங்கிலிக்கனாக இருந்தாலும் மெதடிஸ்தராக இருந்தாலும் அது உறவுத் திருச்சபை, அவர்கள் திருவிருந்தில் உங்களுக்கு இடமுண்டு. இன்னும் பின்னால் போனால், 1854-இல் இங்கே கோப்பித் தோட்டங்களில் தமிழ் மிஷன் வேலை தொடங்கியபோது உபதேசியார்கள் வந்ததே திருநெல்வேலியிலிருந்துதான்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. பெரிய பணத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்குள்ளவர்களும் நாட்கூலிக்காரர்கள்தான், பணம் எல்லை தாண்டுவதற்கு இரு பக்கமும் சட்டமும் கடுமை. இரண்டாவது, சொந்தக்காரர் தொல்லை. சபைத் தொடர்பு இரண்டே மாதத்தில் கல்யாணப் பேச்சாக மாறும், அதன் பின்னாலேயே "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வரும். சாதியைக் கப்பலில் ஏற்றாமல் போனவர்கள் யாரும் இல்லை, இறக்கி வைத்தவர்களும் குறைவு. எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருமுறை இது வெடித்து இரண்டு குடும்பம் வெளியேறியது. மூன்றாவது, போனவர்களா இருந்தவர்களா, யார் நன்றாக இருக்கிறார்கள் என்ற ஒப்பீடு ஒவ்வொரு உரையாடலின் அடியிலும் ஓடும். மூத்தவர்களுக்கு அது புண். கிளறத்தான் வேண்டுமா என்று சிலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு சிறு குறிப்பு: தமிழ்நாட்டிலிருந்து எழுப்புதல் கூட்டம் நடத்த வருகிறோம் என்று தனியாக எழுதுகிறவர்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய திருமண்டலக் கடிதம் கேளுங்கள். கேட்டதும் பலர் மௌனமாகிவிடுவார்கள்.

ஊருக்குள் இருக்கும் மற்றச் சபைகள்

இதைத்தான் யாரும் தெரிவாகவே எண்ணுவதில்லை, பக்கத்தில் இருப்பதால். எங்கள் டவுனில் ஒரு மைல் சுற்றளவில் கத்தோலிக்க மாதா கோயில், மெதடிஸ்த சபை, நாங்கள், மூன்று பெந்தெகொஸ்தே சபைகள். ஒரே தோட்டத்து ஒரே லயத்தில் நாலு சபைக்காரர் இருப்பார்கள். இழவு விழுந்தால் மட்டும் ஒன்று. பெட்டி செய்வதும் குழி வெட்டுவதும் தேநீர் ஊற்றுவதும் எல்லாரும்தான். இந்து வீட்டுப் பையன்கள்தான் பாதி நேரம் பெட்டியைத் தூக்குவார்கள்.

அதைத் தாண்டிச் சேர்ந்து ஜெபிப்போம் என்று உட்கார்ந்தபோது தெரிந்தது தூரம். ஜனவரி 18 முதல் 25 வரை உலகம் முழுவதும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம். இங்கே அது பொங்கல் முடிந்த கையோடு வருவதால் எல்லாரும் ஊரில் இருப்பார்கள், வசதி. மாதா கோயில் மண்டபத்தில் முதல் கூட்டம். சேர்ந்து சொல்ல எல்லாருக்கும் தெரிந்த ஜெபமாக இருக்கட்டும் என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தை வைத்தோம். முதல் வரியிலேயே அவர்கள் "அர்ச்சிக்கப்படுக" என்றார்கள், நாங்கள் "பரிசுத்தப்படுவதாக" என்றோம். சமாளித்து நடந்தோம். தீமையிலிருந்து இரட்சித்துக்கொள்ளும் என்ற இடத்தில் அவர்கள் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டார்கள். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று நாங்கள் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தோம், குரல் இறங்கி இறங்கி. ஃபாதர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தோம். இப்போது தாளில் அச்சடித்துக் கொடுக்கிறோம்.

சிரித்துத் தீராத இடமும் உண்டு. கத்தோலிக்கர் நற்கருணையில் எங்களுக்குப் பங்கில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பூசைக்கு நடுவில் வரிசையில் நின்று தெரிந்துகொள்ளக்கூடாது. பெந்தெகொஸ்தே பாஸ்டர்மாரோடு பிரச்சினை வேறு: நம் பிள்ளைகள் அங்கே போய் மறுபடி ஞானஸ்நானம் எடுத்து வருவார்கள். ஆடு பிடிக்கிறார்கள் என்று குழுவில் கொதிப்பார்கள். ஆள் குறைந்தால் காணிக்கை குறையும், காணிக்கை குறைந்தால் ஐயாவின் செலவு இடிக்கும். ஆகவே இந்தக் கோபத்துக்குப் பின்னால் இறையியல் கொஞ்சம், கணக்குப் புத்தகம் நிறைய. இந்த நட்பின் மறைந்த செலவு உறுப்பினர் இழப்பு. வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வாய்வழி ஒப்பந்தம் இருக்கிறது: ஒரு சபை ஆள் இன்னொரு சபைக்கு வந்தால் வந்த சபைப் போதகர் பழைய போதகருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது.

1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய சபைகள் முன்வைத்த ஒரு நெறி எனக்குப் பிடிக்கும்: நம்பிக்கை வேறுபாடு உண்மையிலேயே பிரிந்து செய்யச் சொல்கிற காரியங்கள் தவிர மற்றதெல்லாம் சேர்ந்தே செய்வது. தோட்டத்துக் கணக்கில் பார்த்தால் பிரிந்து செய்ய வேண்டியது திருவிருந்தும் ஞானஸ்நானமும். நத்தார் கரோல், பிள்ளைகளின் ரியூஷன் வகுப்பு, குடிகாரர் வீட்டுச் சந்திப்பு, மயானம் துப்புரவாக்குவது எல்லாம் சேர்ந்து செய்யக்கூடியவை.

டித்வாவின்போது பாதை அடைபட்டு மூன்று நாள் வெளியார் யாரும் வரவில்லை. எங்கள் மண்டபத்தில் இருந்த நாற்பத்திரண்டு பேருக்கு முதல் சோறு வந்தது, எங்கள் பிள்ளைகளை "எடுத்துக்கொண்ட" அதே பெந்தெகொஸ்தே சபையின் அடுப்பிலிருந்து.

ஒரு பார்வையில்

| கேள்வி | மேல்நாட்டுச் சபை | புலம்பெயர் தமிழ்ச் சபை | நீலகிரிச் சபை | ஊர்ச் சபைகள் |
|---|---|---|---|---|
| நாம் கொடுக்க முடிவது | மெனக்கெட வேண்டும் | ஓரளவு | நிறைய | சரிக்குச் சரி |
| மொழி | ஒருசிலர் கையில் | எல்லாரும் பேசலாம் | எல்லாரும் பேசலாம் | எல்லாரும், வார்த்தை மட்டும் வேறு |
| ஆள் மாறினால் | பெரும்பாலும் அறும் | பாஸ்டரைப் பொறுத்தது | உறவு தாங்கும் | தாங்கும் |
| பணம் | பெரிது, மெதுவாக | நடுத்தரம், வேகமாக | இல்லை என்றே வையுங்கள் | அரிசி, ஆள், வான் |
| அயலார் பார்வை | கவனம் தேவை | கொஞ்சம் கவனம் | தொல்லை இல்லை | நல்ல பெயர் |
| மறைந்த செலவு | பிழை சொல்ல முடியாமை | கோஷ்டி | சாதி, பழைய புண் | ஆள் இழப்பு |

யாருக்கு எது

கட்டடம், புலமைப்பரிசில் என்று எழுதிக் கணக்குக் காட்டக்கூடிய பெரிய வேலை கையில் இருந்து, ஆங்கிலம் தெரிந்தவர் குறைந்தது மூன்று பேர் சபையிலேயே இருந்தால் மேல்நாட்டுச் சபை சரி. மூன்று பேர் என்பது என் கணக்கு: ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போவார், ஒருவர் கல்யாணமாகிப் போவார். பண்டாரவளைச் சபையில் அப்படி ஒருவரும் இல்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டு, புது ஐயா வந்த பின் அவரையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள் என்றேன்.

முதியவர்கள் அதிகமாகி, இளசுகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்ட சபைக்கு நீலகிரி. அப்படிப்பட்ட சபையில் மிச்சமிருப்பது ஞாபகம்தான், அதற்குக் கேட்கிற காது அங்கே இருக்கிறது. மஸ்கெலியா அக்காவுக்குத் தொடரச் சொன்னேன். கல்யாணப் பேச்சைத் தனிக் குழுவுக்கு மாற்றச் சொன்னேன்.

இருபது குடும்பத்துக்கும் குறைவான சபை வெளியூரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப தினத்தில் பக்கத்துச் சபைப் பெண்களோடு சேருங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் ஆராதனை அது. 2024-இல் பலஸ்தீனம், 2025-இல் குக் தீவுகள், 2026-இல் நைஜீரியா. செலவில்லாமல் பல நாட்டுச் சபைகளும் பல பிரிவுகளும் ஒரே மாலையில் வந்துவிடும். வெள்ளி வேலை நாள் என்பதால் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்து குளித்த பிறகு, ஆறரைக்கு வையுங்கள்.

எங்களுக்குப் பிடித்த வழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கிலிக்கன், மெதடிஸ்த இரண்டுக்கும் தென்னிந்தியத் திருச்சபை உறவு என்றேன் அல்லவா? இலங்கையிலும் அப்படி ஒரே திருச்சபையாகும் திட்டம் 1970-களின் தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரம்வரை வந்து, நீதிமன்ற வழக்கில் மாட்டி நின்றுபோனது. நாங்கள் இங்கே ஒன்றாகவில்லை. ஆனால் கடல் தாண்டி இருவருக்கும் ஒரே சொந்தக்காரர். ஆகவே எங்கள் ஊர் மெதடிஸ்த சபையும் நாங்களும் சேர்ந்து, தனித்தனியாக இல்லாமல், நீலகிரிச் சபைக்கு ஒரே கடிதமாக எழுதினோம். ஒரு தாள், இரண்டு முத்திரை, இரண்டு செயலாளர் கையெழுத்து. பக்கத்து நட்பும் தூரத்து நட்பும் ஒரே செலவில்.

பதில் போன வாரம் வந்தது. வாழ்த்து, ஜெபக் குறிப்பு எல்லாம் எழுதிவிட்டு கடைசியில் அவர்களுடைய செயலாளர் கேட்டிருக்கிறார்: "உங்கள் இரண்டு ஆலயத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்?" பஸ் தரிப்பிடத்தைத் தாண்டினால் அவர்கள் வாசல். பதில் எழுதும் முறை என்னுடையது. கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.